எம்.எஸ். மருந்துச் சோதனையில் சேரக் கேட்கிறார்களா? என் அனுபவம்

எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்) உள்ள ஒருவரிடம் நரம்பியல் டாக்டர், “ஒரு கிளினிக்கல் டிரயல் நடக்கிறது, சேர விருப்பமா?” என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு ராத்திரி வீட்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ஆம்பூரிலிருந்து என் அம்மா போனில் கேட்டது: “உன்னை எலி மாதிரி வச்சுப் பாக்குறாங்களாடி?” என் கணவரின் அண்ணன் சொன்னது: “வெளிநாட்டு மருந்தும்மா, காசு கொடுத்து வாங்கணும்னா லட்சக்கணக்குல ஆகும். யோசிக்காம கையெழுத்துப் போடு.” இரண்டு பேரும் என் மேலுள்ள அக்கறையில்தான் பேசினார்கள். ஆனால் சோதனை என்றால் என்ன, அதில் நோயாளிக்கு என்ன இடம் என்பதை இரண்டு பேருமே தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். பெங்களூரில் அப்படி ஒரு சோதனையில் கடைசி வரை இருந்து வெளியே வந்தவள் நான். சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவடம், கண் நரம்பு இவற்றில் நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற உறையைத் தாக்குகிறது. எனக்கு வலது கண்ணில் தொடங்கியது. பார்வை மங்கியது, கண்ணை உருட்டினால் வலித்தது, சிவப்பு வெளிறித் தெரிந்தது. அடுத்து இடுப்புக்குக் கீழே மரத்துப் போனது. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்து, முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்த பிறகு நோயின் பெயர் தெரிந்தது. விட்டு விட்டு ரிலாப்ஸ், அதாவது நோயின் புதுத் தாக்குதல், வருகிற வகை. ஸ்டீராய்டு ஏற்றினார்கள், நடை திரும்பியது.

இந்த இடத்தில் ஒன்று. என்.எம்.ஓ. என்று இன்னொரு நோய் உண்டு. அதுவும் கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும், பார்ப்பதற்கு எம்.எஸ். மாதிரியே இருக்கும். எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், நடாலிசுமாப், ஃபிங்கோலிமோட் போன்ற மருந்துகள் அந்த நோயை மோசமாக்கக்கூடும். அக்வாபோரின்-4 ஆன்டிபாடி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். என்னைச் சோதனையில் சேர்ப்பதற்கு முன்னால் இதைப் பார்த்தார்கள். நீங்கள் எந்தச் சோதனையிலும் சேராவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் ஃபைலில் அந்த ரிப்போர்ட் இருக்கிறதா என்று ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சோதனை ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்காக நடக்கிறது. உங்களைக் குணப்படுத்துவதற்காக யாரும் அதைத் தொடங்கவில்லை. இதைச் சொல்வதால் யாரையும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சாதாரணமாக டாக்டரிடம் போனால் அவர் என் வயதைப் பார்ப்பார், ஸ்கேனைப் பார்ப்பார், குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று கேட்பார், அப்புறம் எனக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்வார். சோதனையில் எனக்கு எந்த மாத்திரை என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறது. டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்பது அநேகமாக நடக்காது. சோதனைக்கென்று எழுதி வைத்த திட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். இதை முழுசாகப் புரிந்துகொண்டு, அப்படியும் எனக்குச் சம்மதம் என்று உள்ளே போகிறவருக்குப் பின்னால் வருத்தம் வராது. மருந்து கிடைக்கும் என்று மட்டும் நினைத்துப் போகிறவர்கள்தான் நடுவில் உடைந்து போகிறார்கள். காத்திருப்பு அறையில் அப்படிப் பல பேரைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது: புது மருந்தை எதனோடு ஒப்பிடுகிறீர்கள்?

எம்.எஸ்.ஸுக்கு அமெரிக்காவில் முதன்முதலாக 1993இல் அனுமதி பெற்ற மருந்து இன்டர்ஃபெரான் பீட்டா-1பி. 372 பேரை வைத்து நடந்த அந்தச் சோதனையில் ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத வெறும் போலி ஊசி. அன்றைக்கு வேறு மருந்தே இல்லை, அதனால் அது நியாயம். 2010இல் முதல் மாத்திரையாக வந்த ஃபிங்கோலிமோடையும் போலி மாத்திரையோடு வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடம் நடந்த அந்தச் சோதனையில் மருந்து எடுத்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.18 ரிலாப்ஸ், போலி எடுத்தவர்களுக்கு 0.40. புரிகிற மாதிரிச் சொன்னால், போலி மாத்திரை எடுத்த பத்துப் பேரிடம் வருடத்துக்கு நான்கு ரிலாப்ஸ், மருந்து எடுத்த பத்துப் பேரிடம் இரண்டுக்கும் குறைவு. அந்த நான்கில் ஒன்று ஒருவரின் பார்வையாக இருக்கலாம், இன்னொன்று ஒருவரின் காலாக இருக்கலாம். எனக்கு இதை எண்ணாக மட்டும் பார்க்க முடியவில்லை.

நல்ல மருந்துகள் வந்துவிட்ட பிறகு, ரிலாப்ஸ் வகை எம்.எஸ். உள்ளவர்களை வருடக்கணக்கில் போலி மாத்திரையில் வைப்பது சரியில்லை. அதனால் இப்போது பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள ஒரு மருந்தோடு ஒப்பிடுகிறார்கள். ஓக்ரெலிசுமாப் மருந்தை ஓபெரா என்ற இரண்டு சோதனைகளில் இன்டர்ஃபெரானோடு வைத்துப் பார்த்தார்கள். ஓஃபாடுமுமாப் மருந்தை டெரிஃப்ளூனமைட் மாத்திரையோடு. இதில் ஒன்று மாதாந்திர ஊசி, மற்றது தினசரி மாத்திரை. எல்லோருக்கும் இரண்டையுமே கொடுத்தார்கள், ஒன்று மட்டும் உண்மை, மற்றது போலி. கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகிக்கொண்டே போகும் வகைக்கு மட்டும் இன்னும் போலி மருந்தை வைத்துச் சோதனை நடக்கிறது, ஏனென்றால் அங்கே கையில் உள்ள மருந்துகள் மிகக் குறைவு. உங்கள் வகை எது, ஒப்பீட்டில் இருப்பது எது என்று இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால்தான் எதைப் பணயம் வைக்கிறீர்கள் என்பது தெரியும்.

எனக்கு வந்தது பி.டி.கே. தடுப்பான் (எதிர்ப்புச் சக்தி செல்களில் உள்ள ஒரு நொதியைத் தடுப்பது) என்கிற வகையைச் சேர்ந்த புது மாத்திரை ஒன்று. மருந்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஒப்பீட்டில் இருந்தது டெரிஃப்ளூனமைட். 2012இல் அனுமதி பெற்ற பழைய மாத்திரை, இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன, கடையில் கிடைக்கும். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு மருந்து உடம்பில் இருக்கும் என்பதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. போலி மாத்திரையோடு ஒப்பீடு என்றிருந்தால் சேர்ந்திருக்க மாட்டேன்.

இதற்கு முன்னால் வேறொரு மருத்துவமனையில் வேறொரு சோதனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பல பக்க ஆங்கிலப் படிவத்தை நீட்டி அப்போதே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கலாமா என்று கேட்டதற்கு, “எல்லாரும் இங்கேயே போட்டுட்டுப் போறாங்க மேடம், ஸ்லாட் முடிஞ்சிடும்” என்றார் கோ-ஆர்டினேட்டர். எழுந்து வந்துவிட்டேன். அவசரப்படுத்தும் இடத்தில் சேராதீர்கள். படித்துப் பார்க்கவும் வீட்டில் பேசவும் நேரம் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை.

பிறகு சேர்ந்த இடத்தில் நிதானமாகப் பேசினார்கள். அங்கே நான் செய்த ஒரு காரியம் பெங்களூர்த் தமிழர்களுக்கு உதவும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டேன். எனக்கு ஆங்கிலம் வரும், அல்சூரில் பல வருடமாக இருப்பதால் கன்னடமும் பேசுவேன். ஆனால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வராது. நோயாளிக்குப் புரிகிற மொழியில் படிவம் இருக்க வேண்டும், அந்த மொழிபெயர்ப்பையும் எதிக்ஸ் கமிட்டி (சோதனையில் நோயாளியின் நலனைக் காக்கும் குழு) பார்த்து ஒப்ப வேண்டும். தமிழ்ப் படிவம் தயாராக இல்லையென்றால் வரவழைக்க நேரமாகும், காத்திருங்கள். வந்த தமிழ் கொஞ்சம் கரடுமுரடுதான். இருந்தாலும் அம்மா ரயில் ஏறி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க வரிவரியாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு அவர் கேட்ட கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவில்லை: “நடுவுல உனக்கு முடியாமப் போச்சுன்னா யார் செலவு?”

அதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, சோதனையில் இருக்கும்போது உடம்புக்குப் பாதிப்பு வந்தால் தேவைப்படும்வரை, அல்லது அது சோதனையால் வந்ததல்ல என்று நிரூபணமாகும்வரை, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். சோதனையால்தான் வந்தது என்றால் நஷ்டஈடும் உண்டு. அதற்கென்று வயதையும் பாதிப்பின் அளவையும் வைத்துக் கணக்கிடும் சூத்திரம் விதிகளிலேயே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. எதிக்ஸ் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், பாதிப்பேர் அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், மருத்துவம் சாராத சாதாரணக் குடிமகன் ஒருவரும் இருப்பார். அவர்களுடைய தொடர்பு எண் படிவத்தில் இருக்கும். அதை நானும் என் கணவரும் போனில் பதிந்து வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று, சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேடு. 2007இல் தொடங்கியது, 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயம். பதிவெண்ணைக் கேட்டு வாங்கி, இணையத்தில் போட்டுப் பாருங்கள். எந்தக் கட்டம் (சிறிய ஆரம்பச் சோதனையா, பெரிய பிற்காலச் சோதனையா), எந்தெந்த ஊரில் எந்தெந்த மருத்துவமனை, எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் கிடைத்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். பதிவெண் சொல்லத் தயங்கினால், அல்லது சேர்வதற்குப் பணம் கேட்டால், அதற்குமேல் அங்கே பேச ஒன்றுமில்லை. ஸ்டெம் செல் என்ற பெயரில் லட்சங்கள் கேட்டு ‘ஆராய்ச்சி’ என்று சொல்கிறவர்களை இதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். சோதனை மருந்துக்கும் சோதனைக்காகச் செய்யும் பரிசோதனைகளுக்கும் நோயாளி காசு கொடுக்க வேண்டியதில்லை.

சேர்க்கும் முன் நடக்கும் பரிசோதனைகளுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ., ஈ.சி.ஜி., ஈரல் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, அம்மை எதிர்ப்பு ஆன்டிபாடி, உள்ளுக்குள் உறங்கும் டி.பி. இருக்கிறதா என்ற ரத்தச் சோதனை. நம் நாட்டில் கடைசியாகச் சொன்னதில்தான் பல பேர் நிற்கிறார்கள். நோய் வராமலே கிருமி உள்ளே அடங்கிக் கிடப்பது இங்கே சகஜம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால் அது விழித்துக்கொள்ளலாம். என்னோடு வந்த ஒரு பெண்ணை அதற்காக நிறுத்திவிட்டார்கள், அழுதுகொண்டே போனார். நிராகரிப்பு என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் அவருக்கு அந்தத் தகவல் தேவைப்படும்.

அப்புறம் சோதனை நாட்கள். எம்.எஸ். சோதனைகளில் இரண்டு டாக்டர்கள் இருப்பார்கள். ஒருவர் சிகிச்சையைப் பார்ப்பவர், அவரிடம் எதையும் சொல்லலாம். இன்னொருவர் உடம்பை மட்டும் பரிசோதித்து மதிப்பெண் போடுபவர். அவரிடம் பக்கவிளைவுகளைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, ஏனென்றால் எந்த மாத்திரை என்று அவர் ஊகித்துவிட்டால் மதிப்பெண் சாயும். பழைய ஊசி மருந்துச் சோதனைகளில் ஊசி போட்ட இடத்துத் தழும்பு தெரியாமல் துணியால் மூடிக்கொண்டு போவார்களாம். அந்த மதிப்பெண்ணுக்கு ஈ.டி.எஸ்.எஸ். என்று பெயர், 0 முதல் 10 வரை. 6 என்றால் ஒரு கைத்தடி உதவியோடு 100 மீட்டர் நடக்கும் நிலை. இதோடு 25 அடி தூரத்தை நேரம் பார்த்து நடக்க வேண்டும், ஒன்பது குச்சிகளைத் துளைகளில் செருகி எடுக்க வேண்டும், குறியீடுகளுக்கு எண் சொல்ல வேண்டும்.

வெயிலிலோ காய்ச்சலிலோ உடம்பு சூடாகும்போது எம்.எஸ். உள்ளவர்களுக்குப் பழைய தொல்லைகள் தற்காலிகமாகத் தலைதூக்கும். ஏப்ரல் மாத மத்தியானத்தில் சில்க் போர்டு பக்கம் ஆட்டோவில் மாட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துப் போய் நடந்து காட்டினால், அன்றைக்கு நடை நிஜத்தைவிட மோசமாகத்தான் இருக்கும். அதனால் எப்போதும் காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்கினேன். முடிந்தவரை மெட்ரோவில் போனேன், மீதித் தூரத்துக்கு மட்டும் ஆட்டோ. பயணச் செலவைத் திருப்பித் தருவார்கள், ஆனால் ரசீது கேட்பார்கள். கையில் காசு வாங்கும் ஆட்டோவுக்கு ரசீது ஏது? ஆப்பில் பதிவு செய்து போனால் அந்த விவரத்தை அப்படியே கொடுக்கலாம். வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ். பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது எங்கள் அலுவலக மனிதவளத் துறைக்கு நான் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஆபத்தைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். பல நூறு பேரை வைத்து நடக்கும் சோதனையில், ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பு தெரியாமலே போகலாம். நடாலிசுமாப் அதற்குச் சாட்சி. 2004 நவம்பரில் அனுமதி பெற்றது, 2005 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். பி.எம்.எல். என்கிற மூளைத் தொற்று சிலருக்கு வந்திருந்தது. மருந்து எடுத்த மூவாயிரத்துச் சொச்சம் பேரைத் தேடிப் பரிசோதித்ததில் ஆபத்து ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று என்று தெரிந்தது. கடுமையான கண்காணிப்போடு 2006இல் மறுபடி வந்தது, இன்றும் பயன்படுகிறது. 2016இல் வந்த டாக்லிசுமாப் என்ற எம்.எஸ். மருந்து, பாதிப்புகள் தெரியவந்ததால் 2018இல் சந்தையை விட்டே போய்விட்டது. பி.டி.கே. வகையில் டோலெபுருட்டினிப் மாத்திரைக்கு ஈரல் பாதிப்பு காரணமாக 2022 ஜூனில் அமெரிக்காவில் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தி வைத்தார்கள்.

இப்படிப் புதிதாக ஏதாவது தெரியவந்தால் திருத்திய ஒப்புதல் படிவம் வரும். மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். முன்பு போட்டதுதானே என்று புரட்டிக் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று கோ-ஆர்டினேட்டரையே விரலால் காட்டச் சொல்லுங்கள். நான் அப்படிக் கேட்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை, நன்றாக விளக்கினார். எனக்கும் ஈரல் பரிசோதனைகள் கூடின. ஊசி குத்திக் குத்திக் கை நீலம் பாரித்தது உண்மைதான். ஆனாலும் வெளியில் எம்.எஸ். மாத்திரை எடுப்பவர்களை இவ்வளவு உன்னிப்பாக யாரும் கவனிப்பதில்லை.

நடுவில் எனக்கு முடி மெலியத் தொடங்கியது. டெரிஃப்ளூனமைடுக்கு இது தெரிந்த பக்கவிளைவு என்பதால், பழைய மாத்திரைதான் கிடைத்திருக்கிறது என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். வெளியே சொல்லவில்லை. ஒரே சோதனையில் இருக்கிறவர்கள் வாட்ஸ்அப் குழு வைத்து “உனக்கு என்ன செய்யுது, எனக்கு என்ன செய்யுது” என்று ஒப்பிட்டுப் பேசுவது ஆறுதலாக இருக்கும், எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அப்படி ஆளாளுக்கு ஊகித்துவிட்டால் சோதனையின் விடையே கலங்கிப்போகும். இத்தனை பேர் உடம்பைக் கொடுத்துத் தேடுகிற விடை அது. உடம்பில் எது நடந்தாலும் சிகிச்சை பார்க்கும் டாக்டரிடம் சொல்லுங்கள், குழுவில் சொல்லாதீர்கள்.

சோதனைக் காலத்தில் எனக்கு ரிலாப்ஸ் எதுவும் வரவில்லை. அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதையே காரணமாகச் சொல்கிறார், கணவரின் அண்ணன் மருந்து என்கிறார். மருந்து வேலை செய்திருக்கலாம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. சமீபத்தில் ரிலாப்ஸ் வந்தவர்களைத்தான் இந்தச் சோதனைகளில் சேர்க்கிறார்கள். நோய் உச்சத்தில் இருக்கும்போது உள்ளே வருகிறோம், அதற்கப்புறம் அது தானாகவே சற்றுத் தணிவது இயல்பு. போலி மாத்திரை எடுப்பவர்களுக்கும் சோதனைக்கு முந்தைய வருடத்தைவிட ரிலாப்ஸ் குறைவது இதனால்தான். ஒரே ஒருவரின் கதையை வைத்து எந்த மருந்தையும் எடை போட முடியாது, என் கதையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இது புரியாததால் எம்.எஸ். குடும்பங்கள் எவ்வளவு ஏமாந்திருக்கின்றன! 2009இல் இத்தாலிய டாக்டர் ஒருவர், கழுத்து ரத்தக்குழாய்களில் ரத்தம் வடிவது தடைபடுவதால்தான் எம்.எஸ். வருகிறது என்று ஒரு கருத்தைச் சொன்னார். பலூன் வைத்து அந்த ரத்தக்குழாயை விரிக்கும் சிகிச்சைக்காக உலகமே ஓடியது, இந்தியாவுக்கும் வெளிநாட்டவர்கள் வந்து காசைக் கொட்டிச் செய்துகொண்டார்கள். எழுந்து நடந்தேன் என்று வீடியோ போட்டவர்கள் பலர். பிறகு போலி அறுவையோடு ஒப்பிட்டு முறையாகச் சோதித்ததில் பலன் எதுவும் இல்லை என்று 2017, 2018இல் தெரிந்தது. ரத்தக் கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின் மாத்திரையும் அப்படித்தான். 140 பேரை வைத்து நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் மூளை சுருங்குவது குறைந்ததாக 2014இல் செய்தி வந்தது. 964 பேரை வைத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு 2024இல் வந்தபோது, ஊனம் கூடுவதை அது தடுக்கவில்லை. யாராவது செய்தித்தாளைக் காட்டி இந்த மாத்திரையை வாங்கிப் போடு என்றால், எத்தனாவது கட்டம், எத்தனை பேர் என்று கேளுங்கள்.

பி.டி.கே. மாத்திரைகளில் சிலவும் எதிர்பார்த்தபடி அமையவில்லை. எவோபுருட்டினிப் 2023 டிசம்பரில் தோற்றது. டோலெபுருட்டினிப் இரண்டு சோதனைகளிலும் டெரிஃப்ளூனமைடைவிட ரிலாப்ஸைக் குறைக்கவில்லை. ஒன்றில் ஆண்டுக்கு 0.13க்கு 0.12, மற்றதில் இரண்டு பக்கமும் 0.11. ஆனால் ரிலாப்ஸ் இல்லாமல் மெல்ல மோசமாகும் வகையில் போலி மாத்திரையோடு ஒப்பிட்டபோது, ஊனம் கூடியவர்கள் 30.7 சதவீதத்திலிருந்து 22.6 சதவீதமாகக் குறைந்தார்கள். அந்த வகை நோயாளிகளுக்கு கையில் ஏறக்குறைய எதுவுமே இல்லாத நிலையில் இது சின்ன விஷயமில்லை. தோற்ற சோதனைகளில் எனக்கு இன்னொன்றும் தெரிந்தது: நாம் சாதாரணமாக நினைக்கும் பழைய மாத்திரை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது.

கடைசியில் உறையைப் பிரித்துச் சொன்னார்கள், எனக்குக் கிடைத்திருந்தது டெரிஃப்ளூனமைட்தான். அண்ணன் முகம் வாடிவிட்டது. எனக்கு வருத்தமில்லை, ஆனால் வேறு ஒரு வேலை காத்திருந்தது. நாங்கள் குழந்தைக்காகக் காத்திருந்தோம். இந்த மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது, நிறுத்திய பிறகும் இரண்டு வருடம் வரை ரத்தத்தில் தங்கலாம். சேர்வதற்கு முன்பே இதை விளக்கி, கருத்தடை கட்டாயம் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அதை வெளியேற்ற ஒரு வழி உண்டு: கொலஸ்டிரமின் என்ற பொடி, ஒரு வேளைக்கு 8 கிராம், நாளைக்கு மூன்று வேளை, 11 நாள். மணல் மாதிரி இருக்கும், தொண்டையில் இறங்காது, வயிறு கட்டிக்கொள்ளும். மோரில் கலக்கிக் குடித்தேன். பிறகு குறைந்தது 14 நாள் இடைவெளியில் இரண்டு தடவை ரத்தம் பார்த்து, மருந்தின் அளவு லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்குக் கீழே போனது உறுதியான பிறகுதான் டாக்டர் சரி என்றார். கல்யாணமான, கல்யாணம் ஆகப்போகிற பெண்கள் இதைச் சேரும் முன்னரே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைக் காலம், அதற்கப்புறம் மருந்து வெளியேறும் காலம், இரண்டையும் உங்கள் வயதோடு கூட்டிப் பாருங்கள்.

முடிந்த பிறகு மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் கையெழுத்துக்கு முன்னாலேயே கேட்க வேண்டும். வேறு மாற்று இல்லாத நிலையில், டாக்டர் பரிந்துரைத்து எதிக்ஸ் கமிட்டியும் ஒப்பினால் நிறுவனம் இலவசமாகத் தர வேண்டும் என்று 2019 விதிகளில் இருக்கிறது. எம்.எஸ்.ஸுக்குப் பல மருந்துகள் சந்தையில் இருப்பதால் அந்த விதி நமக்குப் பொருந்துமா என்பது சிக்கல். வாய்வார்த்தையை நம்பாமல் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஃபிங்கோலிமோட் மாதிரிச் சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பலாம், அதனால் அடுத்த மருந்து என்ன என்ற திட்டம் கையில் இருக்க வேண்டும்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நம் ஊரில் பல டாக்டர்கள் விலை குறைவு என்பதால் ரிட்டுக்சிமாப் ஊசியைத்தான் எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கிறார்கள். காப்புரிமை முடிந்த பழைய மருந்து, அதை எம்.எஸ்.ஸுக்குச் சோதிக்க எந்தக் கம்பெனிக்கும் ஆர்வமில்லை. ஸ்வீடனில் டாக்டர்களே முன்வந்து டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவு: இரண்டு வருடத்தில் ரிலாப்ஸ் வந்தவர்கள் ரிட்டுக்சிமாப் பக்கம் 3 சதவீதம், மாத்திரை பக்கம் 16 சதவீதம். 2023இல் உலக சுகாதார நிறுவனம் அதை எம்.எஸ்.ஸுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நமக்குக் கட்டுப்படியாகிற மருந்துகளை நம் நோயாளிகளிடமே, நம் டி.பி.யையும் வெயிலையும் கணக்கில் எடுத்துச் சோதிக்க வேண்டும். அப்படி ஒரு சோதனை பெங்களூரில் வந்தால் நான் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன்.

போன மாதம் அதே மருத்துவமனையிலிருந்து வேறொரு சோதனைக்காகக் கூப்பிட்டார்கள். கருத்தடை கட்டாயம் என்றதும் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் ஃபைலில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது: ஒவ்வொரு ஒப்புதல் படிவத்தின் கையெழுத்திட்ட பிரதி, எம்.ஆர்.ஐ. குறுந்தகடுகள், எந்த மருந்து எடுத்தேன் என்ற கடிதம், முதல் மாத்திரை, கடைசி மாத்திரை எடுத்த தேதிகள். அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இந்தக் கடிதத்தைத்தான் கேட்பார்கள். சோதனை முடியும்போது அது தானாக வராது, கேட்டு வாங்குங்கள்.